ஆறு மாதம் பதிவிட்டும் விற்பனை ஏறவில்லை. பிறகு எதற்காகத் தொடர வேண்டும்?

கேள்வி இது. பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்த்துப் புதுப்பித்துத் தரும் ஒரு சிறு பட்டறையின் உரிமையாளர், ஆறு மாதங்களாக ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வாரம் தவறாமல் பதிவிட்டு வருகிறார். லைக்குகள் சொற்பம். எந்தப் பதிவையும் பார்த்துவிட்டு யாரும் வேலை கொடுத்ததாக அவருக்குத் தெரியவில்லை. "தொடர்ந்து பதிவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏன் என்று ஒருவரும் சொல்வதில்லை. நான் இதை விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். இந்தத் துறையில் ஆலோசனை சொல்பவர்களில் பலர் தொடர்ச்சியைக் காரணம் கேட்கக் கூடாத கட்டளையாகவே முன்வைக்கிறார்கள்: தினமும் போடு, விடாமல் போடு, பலன் தானாக வரும். காரணம் புரியாமல் செய்கிற வேலைதான் நெருக்கடி வந்தவுடன் முதலில் நின்றுபோகிறது. ஆகவே காரணத்திலிருந்தே தொடங்குகிறேன். பதிவைப் பார்த்தவர் அந்தக் கணமே வாங்குவது என்பது, சிறுதொழிலுக்குச் சமூக ஊடகம் தரும் பலன்களில் மிகச் சிறியது. தேவை வந்த நாளில் ஒருவருக்கு உங்கள் பெயர் நினைவுக்கு வருவதும், அவர் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்து "இவரை நம்பிக் கொடுக்கலாம்" என்று முடிவெடுப்பதும்தான் பெரிய பலன்கள். இவை இரண்டும் ஒரே ஒரு அபாரமான பதிவால் நடப்பதில்லை.

முதலில் நினைவு. ஒரு குடும்பத்துக்கு மரச்சாமான் பழுதுபார்ப்பவர் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை தேவைப்படுவார்? நாற்காலியின் கால் ஆடத் தொடங்கும்வரை அந்த வீட்டில் யாரும் உங்களைப் பற்றி நினைக்கப்போவதில்லை. இன்று உங்கள் பதிவைப் பார்க்கும் நூறு பேரில், இன்றே அந்தத் தேவை இருப்பவர் ஒருவர் அகப்பட்டால் அதிர்ஷ்டம். மற்றவர்கள் உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று பொருள் இல்லை. அவர்களுடைய நாள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அந்த நாள் எது என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. மூக்குக்கண்ணாடி, குழாய்ப் பழுது, கணக்கு எழுதுதல், அச்சுவேலை, இசை வகுப்பு என்று பெரும்பாலான சிறுதொழில்களின் நிலை இதுதான்.

நாள் தெரியாதபோது செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: எந்த நாளில் தேவை வந்தாலும், அதற்குச் சற்று முன்பு கண்ணில் பட்டவராக இருப்பது. உற்சாகம் பொங்கும் ஒரு மாதத்தில் முப்பது பதிவுகளைக் கொட்டிவிட்டு ஐந்து மாதம் காணாமல் போகிறவர், அந்த ஒரு மாதத்தில் தேவை வந்தவர்களுக்கு மட்டுமே அகப்படுகிறார். அதே முப்பதை ஆறு மாதங்களுக்குப் பரப்பி வைத்தவருக்கு உழைப்பு கூடவில்லை. ஆனால் ஆறு மாத காலத்தில் எவருக்குத் தேவை வந்தாலும் இவர் அண்மையில் கண்ணில் பட்டவராக இருக்கிறார்.

மனித நினைவின் இயல்பும் இப்படிப் பரப்பி வைப்பதற்கே சாதகமாக இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதியின் வேகத்தை அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதி முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்ற முடிவைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. பன்னிரண்டு அசைகள் கொண்ட வரிசைகளை ஒரே நாளில் 68 முறை சொல்லிப் பெற்ற பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே கிடைத்துவிட்டது. பின்னாளில், 1968-இல், ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் வேறொன்றைக் காட்டினார்: முன்பின் தெரியாத சொற்களையும் எழுத்துருக்களையும் முகங்களையும் அடிக்கடி பார்க்க நேர்ந்தவர்கள், காரணம் எதுவும் இல்லாமலேயே அவற்றைச் சற்றுக் கூடுதலாக விரும்பினார்கள். ஆய்வுக்கூடத்துக்கும் உங்கள் பட்டறைக்கும் தூரம் அதிகம். அந்த எண்களைக் கொண்டுவந்து உங்கள் பதிவுகளுக்குப் பொருத்த முடியாது. ஆனால் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது நினைவுக்கும் நல்லெண்ணத்துக்கும் உதவுகிறது என்ற அளவில் இவை நமக்குப் போதும்.

இரண்டாவது விஷயம் நம்பிக்கை. என் கணிப்பில் இதுதான் முதன்மையானது. பலரும் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, ஏனென்றால் இது நடக்கும்போது உங்கள் திரையில் எந்த அறிவிப்பும் வராது.

ஒருவர் தன் தாத்தாவின் சாய்வு நாற்காலியை உங்களிடம் ஒப்படைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தெரிந்த ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் அவர் நேரே பட்டறைக்கு வந்திருப்பார். இப்போது முதலில் உங்கள் பெயரைத் தேடுகிறார். பக்கம் கிடைக்கிறது. கடைசிப் பதிவு இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது. கீழே ஒருவர் "இன்னும் இயங்குகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார், பதில் இல்லை. தேடி வந்தவர் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார். இதில் உங்களுக்குத் தொலைபேசி அழைப்பும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. இழந்ததே தெரியாமல் ஒரு வாடிக்கையாளரை இழந்திருக்கிறீர்கள். பக்கமே இல்லாமல் இருப்பதைவிடக் கைவிடப்பட்ட பக்கம் மோசம் என்று நான் சொல்வது இதனால்தான். பக்கம் இல்லாதவரைப் பற்றிக் கேள்வி எழாது. பாதியில் நின்ற பக்கம், தொழிலும் பாதியில் நின்றுவிட்டதோ என்று எண்ண வைக்கும்.

வாங்குபவருக்கு இந்த ஐயம் வருவது இயற்கை. விற்பவருக்குச் சரக்கின் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையில் சந்தை எப்படிக் கெட்டுப்போகிறது என்பதைப் பழைய கார் வியாபாரத்தை எடுத்துக்காட்டி 1970-இல் விளக்கினார் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லோஃப். நல்ல கார் எது, ஓட்டைக் கார் எது என்று பிரித்தறிய முடியாதவர்கள் எல்லாக் காருக்கும் குறைத்தே விலை கேட்பார்கள். அந்த விலைக்குக் கொடுக்க விரும்பாத நல்ல கார்க்காரர்கள் விலகிவிடுவார்கள். இதிலிருந்து மீளும் வழி ஒன்றை 1973-இல் மைக்கேல் ஸ்பென்ஸ் சொன்னார்: தரமில்லாதவர் காட்டினால் அவருக்குக் கட்டுப்படியாகாத ஓர் அடையாளத்தைத் தரமுள்ளவர் காட்ட வேண்டும். இருவரும் 2001-இல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸுடன் சேர்ந்து பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கு அந்த அடையாளம் எளிது. கட்டடம் இருக்கிறது, பல ஆண்டு விளம்பரம் இருக்கிறது, ஊரறிந்த பெயர் இருக்கிறது. இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு என்ன இருக்கிறது? தேதியிட்ட வேலை வரலாறு இருக்கலாம். மூன்று ஆண்டுகளாக மாதத்துக்கு நான்கைந்து வேலைகளைப் படத்துடன் பதிந்து வந்த ஒரு பக்கத்தை நேற்றுக் கிளம்பிய மோசடிக்காரர் இன்று இரவு உட்கார்ந்து எளிதில் உருவாக்க முடியாது. படங்களைத் திருடலாம், பின்தொடர்பவர்களைக் காசு கொடுத்து வாங்கலாம். கடந்துபோன மூன்று ஆண்டு உழைப்பை அப்படி வாங்குவது எளிதல்ல. அதிலும், ஒரு பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, பெயர் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதை ஃபேஸ்புக்கில் எவரும் பார்க்கலாம். பின்தொடர்பவர்கள் அதிகம் உள்ள இன்ஸ்டாகிராம் கணக்குகளுக்கும் கணக்கு தொடங்கிய தேதியைக் காட்டும் வசதி 2018-இல் வந்தது. இணையத்தில் ஏமாந்த அனுபவம் கொஞ்சமாவது உள்ளவர்கள் இதையெல்லாம் பார்க்கிறார்கள்.

எனவே உங்கள் ஆறு மாதப் பதிவுகளை ஆறு மாத விளம்பரம் என்று எண்ண வேண்டாம். அவற்றைத் தேதியிட்ட ஒரு பணிப்பதிவேடாகப் பாருங்கள். அதன் மதிப்பு ஒவ்வொரு மாதமும் ஏறுகிறது. பழைய பதிவுகள் மேலே வந்து தலைகாட்டாவிட்டாலும், தேடி வருபவர் கீழே உருட்டிப் பார்க்கும்போது அவைதான் உங்களுக்காகப் பேசுகின்றன. அப்படி உருட்டிப் பார்ப்பவர் லைக் போடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். பணம் கொடுக்கப்போகிறவர்தான் பெரும்பாலும் மிக அமைதியான பார்வையாளர்.

அடுத்து, "ஒரே மாதிரிப் படங்களைப் போட்டால் பார்ப்பவர்களுக்குச் சலித்துவிடாதா?" என்ற தயக்கம். சிறுதொழில் செய்பவர்கள் கை தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நீங்கள் போடுவதை எல்லோரும் பார்ப்பதே இல்லை. ஃபேஸ்புக் நிறுவனமே 2012-இல் சொன்ன கணக்கின்படி, கட்டணமில்லாத ஒரு பதிவு சராசரியாக அந்தப் பக்கத்தைப் பின்தொடர்பவர்களில் 16 சதவீதம் பேரைத்தான் எட்டியது. நிலைமை பிறகு இன்னும் இறுகியது. பக்கங்களின் பதிவுகளைக் காட்டிலும் நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக 2018 ஜனவரியில் மார்க் ஸக்கர்பெர்க் அறிவித்தார். இன்ஸ்டாகிராம் 2016-இல் கால வரிசையைக் கைவிட்டு, எதை யாருக்கு முதலில் காட்டுவது என்று தானே தீர்மானிக்கும் அல்காரிதத்துக்கு மாறியபோது சொன்ன காரணம், பயனர்கள் தங்கள் ஃபீடில் வருவதில் சராசரியாக 70 சதவீதத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான். அதன் தலைவர் ஆடம் மொஸேரி 2021-இல் எழுதிய விளக்கத்தில், பின்தொடர்பவர்களில் பெரும்பாலோர் நீங்கள் பகிர்வதைப் பார்ப்பதில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

இதைப் படித்துச் சோர்வடைய வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிவும் உங்களைத் தெரிந்தவர்களில் ஒரு சிறு பகுதியைத்தான் தொடுகிறது, ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதி சற்று வேறாக இருக்கிறது. பத்துப் பதிவுகள் போட்டால் ஒருவர் இரண்டைப் பார்த்திருப்பார். நீங்கள் பத்தையும் செய்தவர் என்பதால் உங்களுக்குச் சலிக்கிறது. அவருக்கு அது இரண்டாவது முறைதான்.

அல்காரிதம் மௌனத்துக்குத் தண்டனை தருமா என்றும் கேட்பார்கள். தண்டனை என்று நான் சொல்ல மாட்டேன். ஃபேஸ்புக் 2010-இல் தன் பழைய தரவரிசை முறையை விளக்கியபோது மூன்று கூறுகளைச் சொன்னது: பார்ப்பவருக்கும் பதிந்தவருக்கும் இடையிலான நெருக்கம், பதிவின் வகைக்குத் தரப்படும் எடை, பதிவு எவ்வளவு புதியது என்பது. இப்போதைய முறை அதைவிடப் பன்மடங்கு சிக்கலானது. ஆனாலும் ஒருவர் உங்கள் பதிவுகளில் முன்பு எவ்வளவு ஈடுபட்டார் என்பது இன்றும் ஒரு முக்கியக் குறிப்பு. நீங்கள் மாதக்கணக்கில் எதுவும் போடவில்லை என்றால், ஈடுபடுவதற்கு அவருக்கு எதுவும் இருக்கவில்லை. திரும்பி வரும்போது கிட்டத்தட்ட அந்நியராக வருகிறீர்கள். அல்காரிதம் பற்றி இதற்கு மேல் மூளையைச் செலவழிப்பது உங்கள் தொழிலுக்கு நல்லதல்ல. அதன் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். விடியற்காலை இத்தனை மணிக்குப் போட வேண்டும், இத்தனை ஹேஷ்டேக் இட வேண்டும் என்ற பட்டியல்களை விற்பவர்களுக்கு அது வருமானம்.

தொடர்ச்சி என்பது தினமும் போடுவது அல்ல. இந்தக் குழப்பத்தால் கைவிட்டவர்கள் ஏராளம். முழுநேர ஊடகக் குழு வைத்திருக்கும் நிறுவனங்களின் வேகத்தைப் பார்த்துவிட்டு, தனி ஆளாகத் தொழில் செய்பவர் அதே வேகத்தில் ஓடத் தொடங்குகிறார்; மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார். வேலை குவிந்து கிடக்கும் மிக மோசமான வாரத்தில் உங்களால் எத்தனை பதிவு போட முடியுமோ, அதுவே உங்கள் அளவு. அது வாரத்துக்கு ஒன்றாக இருந்தால் ஒன்றே போதும். நல்ல வாரத்தில் கூடுதலாக எடுத்த படங்களை உடனே போட்டுத் தீர்க்காமல் சேமித்து வையுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கும் வசதியைத் தாய் நிறுவனமான மெட்டாவே இலவசமாகத் தருகிறது.

பதிவிடும் வேகத்தைவிட நான் கண்டிப்பாகப் பார்க்கும் தொடர்ச்சிகள் வேறு உண்டு. எல்லா இடத்திலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே முகப்புப் படம், ஒரே தொலைபேசி எண், சரியான வேலை நேரம். கூகுள் வரைபடத்தில் ஓர் எண், ஃபேஸ்புக்கில் இன்னோர் எண், இன்ஸ்டாகிராமில் பழைய முகவரி என்று இருக்கும் தொழில்களை எண்ணி மாளாது. இதைச் சரிசெய்ய அரை நாள் ஆகும். அதைச் செய்யாமல் ரீல்ஸ் எடுக்கக் கற்றுக்கொள்வது வீண்வேலை.

அதைவிட முக்கியம் பதில் சொல்வதில் தொடர்ச்சி. கேட்கப்படும் கேள்விக்கு எப்போதும் பதில் வருகிறது, ஓரளவு ஒரே கால அளவில் வருகிறது, ஒரே மரியாதையோடு வருகிறது என்பது அந்தப் பக்கத்தைப் படிக்கும் மூன்றாம் நபருக்குத் தெரிகிறது. கமெண்டில் நீங்கள் தரும் பதில் கேட்டவருக்கு மட்டும் உரியதல்ல. கேட்கக் கூச்சப்பட்டு எட்ட நின்று பார்ப்பவருக்கும் அதுவே பதில். புகார்களை இதனால்தான் அழிக்கக் கூடாது என்கிறேன். "சொன்ன தேதியில் வேலை முடியவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்க, அதன் கீழே தாமதத்துக்கான காரணத்தையும் அடுத்து என்ன செய்தீர்கள் என்பதையும் நிதானமாக எழுதியிருந்தால், அது பத்துப் பாராட்டுகளைவிட அதிக நம்பிக்கை தரும். பாராட்டு மட்டுமே நிறைந்த பக்கத்தைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

இதோடு சேர்ந்த ஓர் எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். விலை கேட்டால் "இன்பாக்ஸுக்கு வாருங்கள்" என்று பதில் எழுதும் வழக்கம். வேலைக்கு வேலை விலை மாறும் என்பது புரிகிறது. "சாதாரண நாற்காலிக்கு இதிலிருந்து இதுவரை ஆகும், பிரம்பு மாற்ற வேண்டுமானால் கூடும்" என்று பொதுவில் எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்? மறைத்து வைக்கும் விலை, ஆளுக்கு ஆள் மாறும் விலை என்றுதான் பலருக்குத் தோன்றுகிறது. இன்பாக்ஸுக்கு வருபவர்களைவிட அந்தப் பதிலைப் படித்துவிட்டு நழுவுபவர்கள் அதிகம் என்பது என் எண்ணம்.

என்ன போடுவது என்பதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. உங்களிடம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலையே சரக்கு. வந்தபோது எப்படி இருந்தது, முடிந்தபோது எப்படி ஆனது என்ற இரட்டைப் படங்கள் எந்தக் கைத்தொழிலிலும் சலிப்பதில்லை. வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதலாம்: கரையான் அரித்த மரத்தைக் காப்பாற்ற முடியுமா, பழைய மெருகை உரிக்காமல் மேலேயே பூசலாமா, எத்தனை நாளாகும். "இந்த மேசையைப் புதுப்பிக்க வேண்டாம், செலவுக்கு ஏற்ற பயன் இல்லை என்று சொல்லி அனுப்பினோம்" என்று வேலை மறுத்த கதையையும் எழுதலாம். நான் கண்டவரை இப்படிப்பட்ட பதிவுக்கு வரும் வரவேற்பே தனி. வாழ்த்து அட்டைகள், பொன்மொழிப் படங்கள் போன்றவற்றால் பலன் மிகக் குறைவு. அவற்றில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு தொழிலின் பெயரைப் போட்டாலும் எந்த மாற்றமும் தெரியாது. வாடிக்கையாளரின் வீடும் முகமும் படத்தில் வருமானால் அவர் சம்மதத்தைக் கேட்டுவிடுங்கள்.

இப்படிச் சேரும் பதிவுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. யாராவது தொலைபேசியில் "இது சரியாகுமா?" என்று கேட்டால், விளக்கிக் கொண்டிருக்காமல் அதே போன்ற ஒரு பழைய வேலையின் பதிவை அனுப்பிவிடலாம். வாய்மொழிப் பரிந்துரையும் இப்போது இப்படித்தான் நகர்கிறது. உங்களிடம் திருப்தியடைந்த ஒருவர் தன் நண்பரிடம் உங்கள் பெயரைச் சொன்னால், நண்பர் அடுத்து கேட்பது "ஏதாவது லிங்க் இருக்கிறதா?" என்பதுதான். அனுப்புவதற்கு அவர் கையில் ஒன்று இருக்க வேண்டும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், அறிமுகமானவர்கள் மூலம் வேலை தேடிக்கொண்டவர்களில் பெரும்பான்மையோருக்கு உதவியது நெருங்கிய நண்பர்கள் அல்ல, எப்போதாவது சந்திக்கும் தூரத்து அறிமுகங்கள் என்று காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்தவர்கள்தான் நமக்கு எட்டாத வட்டங்களில் நடமாடுகிறார்கள். பழைய வாடிக்கையாளர், பள்ளித் தோழர், ஒருமுறை மட்டும் பொருள் வழங்கிய மரவியாபாரி ஆகியோரை ஆண்டுக்கு எத்தனை முறை நேரில் பார்ப்பீர்கள்? அவர்களோடு உறவை உயிர்ப்புடன் வைத்திருக்கும் வேலையை உங்கள் பதிவுகள் சத்தமில்லாமல் செய்கின்றன. போட்டியாளர்கள்கூட, தங்களால் ஏற்க முடியாத வேலையை உங்களுக்குத் திருப்பிவிடலாம். அதற்கு நீங்கள் எந்த வகை வேலையில் கைதேர்ந்தவர் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு எல்லைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று ஒப்பந்ததாரர்கள் கொடுக்கும் வேலையிலேயே ஆண்டு முழுவதும் கை நிறைந்திருக்கும் ஒருவருக்கு இது அவசரத் தேவை அல்ல. பெயரும் எண்ணும் சரியாக உள்ள ஒரு பக்கம் போதும். வேலையின் தரம் மோசமாக இருந்தால் தொடர்ச்சியான பதிவுகள் அந்தச் செய்தியையும் வேகமாகப் பரப்பும். எல்லாத் தளங்களிலும் இருக்க வேண்டும் என்பதும் தவறான எண்ணம். வீடுகளுக்குச் சேவை செய்பவருக்கு ஒரு தளம், நிறுவனங்களுக்குச் சேவை செய்பவருக்கு லிங்க்ட்இன் போன்ற இன்னொன்று என்று ஒன்றில் ஊன்றி நில்லுங்கள். மற்றவற்றில் பெயரைப் பதிவுசெய்து, "எங்களை இங்கே பார்க்கலாம்" என்ற ஒரு குறிப்போடு விட்டுவிடலாம்.

நீங்கள் கட்டியெழுப்புவது இன்னொருவரின் நிலத்தில் என்பதையும் மறக்கக் கூடாது. 2011-இல் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கிய கூகுள் பிளஸ் என்ற சமூகத் தளம் 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு மூடப்பட்டது. சில நொடிக் காணொளிகளுக்கான தளமான வைன் 2017 ஜனவரியில் நின்றது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. அதுவரை ஆர்டர், விசாரணை, பேச்சு எல்லாவற்றையும் அந்த ஒரே நிறுவனத்தின் செயலிகளில் வைத்திருந்தவர்களுக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. இவையெல்லாம் போக, கணக்கு திருடப்படுவது அன்றாடம் நடக்கிறது. ஆகவே கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே இயக்குங்கள். எல்லாப் படங்களின் மூலப் பிரதியும் உங்கள் கணினியிலோ வன்தட்டிலோ இருக்கட்டும். வாடிக்கையாளர்களின் பெயர், எண், செய்த வேலை ஆகியவற்றை அவர்கள் சம்மதத்தோடு உங்களுடைய சொந்தப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். முடிந்தால் சொந்தமாக ஒரு பக்க இணையதளம். சமூக ஊடகத்தின் வேலை ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பது. அவர்களை வைத்துக்கொள்ளும் இடம் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

கட்டண விளம்பரம் பற்றியும் கேட்பீர்கள். விளம்பரம் இதற்கு மாற்று அல்ல. பணம் கொடுத்து ஆயிரம் பேருக்குக் காட்டலாம். ஆர்வம் வந்தவர் அதைத் தட்டி உங்கள் பக்கத்துக்குத்தான் வருகிறார். அங்கே ஏழு பதிவுகளும் பழைய தேதியும் இருந்தால் அந்தப் பணம் வீண். பக்கத்தில் போதிய வரலாறு சேர்ந்த பிறகு, ஏற்கெனவே நன்றாகப் போன ஒரு பதிவுக்குச் சிறு தொகை போட்டுப் பார்ப்பது சரியான வரிசை.

இனி உங்கள் ஆறு மாதக் கணக்குக்கு வருகிறேன். "எந்தப் பதிவாலும் வேலை வரவில்லை" என்று சொல்கிறீர்கள். அதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? லைக் எண்ணிக்கையையும் விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டுக்கும் இடையில்தான் நடப்பதெல்லாம் நடக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள்: எங்களைப் பற்றி முதலில் எப்படித் தெரிந்தது, வருவதற்கு முன் எங்கள் பக்கத்தைப் பார்த்தீர்களா? பெரும்பாலோர் முதல் கேள்விக்கு "நண்பர் சொன்னார்" என்பார்கள். இரண்டாவதற்கு அவர்கள் சொல்லும் பதில்தான் நீங்கள் தேடுவது. இதோடு மாதம் ஒருமுறை பக்கத்தின் புள்ளிவிவரப் பகுதியில் முகப்புப் பார்வைகள், பகிர்வுகள், சேமித்து வைத்தவர்கள், நேரடிச் செய்திகள் ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பதிவைச் சேமித்து வைப்பவர் "பிறகு தேவைப்படும்" என்று நினைத்தே செய்கிறார். அது பத்து லைக்குக்குச் சமம் என்பேன்.

உங்கள் தொழிலில் வாடிக்கையாளர் திரும்ப வரும் சுற்று நீளமானது என்பதால் ஆறு மாதத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. ஓராண்டாவது நோட்டில் எழுதிவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். முடி திருத்துவோர், உடற்பயிற்சி நிலையம் போன்று மாதாமாதம் வாடிக்கை உள்ள தொழிலாக இருந்தால் மூன்று நான்கு மாதங்களில் தெரிந்துவிடும். ஓராண்டு கழித்தும் இரண்டாவது கேள்விக்கு ஒருவர்கூட "பார்த்தேன்" என்று சொல்லவில்லை என்றால், தளத்தை மாற்றுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள்.

உடல்நலக் குறைவு, குடும்ப வேலை, தாங்க முடியாத வேலைப்பளு என்று நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் நிறுத்தலாம். ஆனால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்: "இந்தத் தேதிவரை புதிய வேலைகள் ஏற்கவில்லை, அவசரத்துக்கு இந்த எண்" என்று ஒரு பதிவை எழுதிப் பக்கத்தின் உச்சியில் பொருத்தி வையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வேலை நேரத்துக்கு வெளியே தானாகப் போகும் பதில் ஒன்றையும் எழுதி வைக்கலாம். திரும்பி வரும் நாளில் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதத் தேவையில்லை. அன்று பட்டறையில் இருக்கும் வேலையின் படத்தைப் போட்டுத் தொடங்கினால் போதும்.